நோயில்லாத பிள்ளைக்குக் கிளினிக் எதற்கு?

மன்னார்த் தீவின் கடற்கரைக் கிராமங்களுள் ஒன்று ஓலைத்தொடுவாய். 'தொடுவாய்' என்பது நீர் கடலைத் தொடுகின்ற வாயைக் குறிக்கும் பழஞ்சொல். அதன் முன்னே நிற்கும் 'ஓலை', தீவெங்கும் தலையசைத்து நிற்கும் பனைகளை நினைவூட்டுகின்றது. ஓலை என்றதும் நம்மவர் உள்ளத்தில் வேலியும் கூரையும் மட்டும் தோன்றுவதில்லை. பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துச் சாதகம் எழுதியதும் ஓலையிலேதான். வெள்ளம் வந்தபோதும், போர் வந்தபோதும், உடுத்த துணியோடு வீட்டை விட்டு ஓட நேர்ந்தபோதும், அந்தச் சாதகத்தை மடியில் முடிந்துகொண்டு ஓடிய தாய்மார் எத்தனை பேர்! கத்தோலிக்க அன்பர்கள் ஞானஸ்நானப் பத்திரத்தை அவ்வாறே காத்தனர். பிள்ளையின் பெயரும் நாளும் எழுதப்பட்ட ஏட்டை இழப்பது, பிள்ளையின் ஆயுளில் ஒரு பகுதியை இழப்பதாக நம்மவர் கருதினர்.

இன்று இலங்கையிலே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னுமோர் ஏடு கிடைக்கின்றது. ஆண்பிள்ளைக்கு நீல நிறம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அரசாங்கம் அதற்கு இட்ட பெயர் நீளமானது. தாய்மார் சுருக்கமாகக் 'கிளினிக் கொப்பி' என்பர். சாதகம் வரப்போவதைச் சொல்லுகின்றது என்பது நம்பிக்கை. இக்கொப்பியோ இப்பொழுது நடப்பதைச் சொல்லுகின்றது. சாதகத்தில் உள்ளதை மாற்ற இயலாது என்பர். கொப்பியில் உள்ளதோ மாற்றுவதற்காகவே எழுதப்படுவது. இத்தகைய ஏடு பல வீடுகளில் பிள்ளைக்கு ஒன்றரை வயதானதும் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகின்றதே, அஃது ஏன்? இன்று நாம் வாசகரோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் அக்கொப்பி எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிறந்த பிள்ளையை முதல் இரண்டாண்டுகள் மாதந்தோறும், அதன் பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கவேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட ஒழுங்கு. அந்த எடையைக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரார் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் மருத்துவ மாது, வரைபடத்தில் ஒரு புள்ளியாக இடுவார். ஒரு புள்ளி தனியே நின்றால் அதற்குப் பெரிய பொருளில்லை. இரண்டு மூன்று புள்ளிகளை இணைக்கும் கோடு மேலே ஏறுகின்றதா, சமமாகப் படுக்கின்றதா, சரிகின்றதா என்பதே கேள்வி. மெலிந்த பிள்ளையின் கோடு ஒழுங்காக ஏறுமானால் அஞ்சவேண்டியதில்லை. கொழுகொழுவென்று தோன்றும் பிள்ளையின் கோடு மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தால், அங்கே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கின்றது.

இவ்வரைபடத்தின் பிறப்பும் அறிந்துகொள்ளத் தக்கது. டேவிட் மோர்லி என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி என்னும் கிராமத்தில் பணி செய்தவர். நோய் முற்றியபின் தூக்கி வரப்படும் குழந்தைகளைக் கண்டு, நோய் வருமுன்னே அடையாளம் காணும் வழியொன்றைத் தேடினார். 'உடல்நலத்துக்கான பாதை' எனப் பெயரிட்டு ஓர் அட்டையில் கோடு வரையும் முறையை வகுத்து, அந்த அட்டையை வைத்தியசாலை அலுமாரியில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். பிள்ளையின் கணக்குப் பிள்ளையின் தாயிடம் இருக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. பின்னர், 1997 முதல் 2003 வரை இந்தியா, ஓமான், கானா, பிறேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் புதிய வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. நல்ல உணவும் தாய்ப்பாலும் நோயற்ற சூழலும் கிடைத்தால், ஆறு நாட்டுப் பிள்ளைகளும் முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரே சீராகவே வளர்கின்றனர் என்பது அந்த ஆய்விற் கண்ட உண்மை. 'எங்கள் பரம்பரையே சின்ன உடம்பு' என்று சொல்லிச் சரியும் கோட்டைக் கண்டும் காணாதிருப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

எடை ஒன்றுதானா? இல்லை. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கின்றதா, ஓசை கேட்டுத் திரும்புகின்றதா, கழுத்து நின்றதா, பிடித்துக்கொண்டு எழும்புகின்றதா, சொல் வருகின்றதா என்னும் கேள்விகள் வயதுவாரியாக அங்கே கேட்கப்படுகின்றன. தடுப்பூசிகள் தத்தம் நாளிற் போடப்படுகின்றன: இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டு ஊசி, ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து முதலியவற்றுக்கானது, ஒரு வயதில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது, ஒன்றரை வயதில் முக்கூட்டு ஊசி. அதற்கு அடுத்த ஊசி மூன்று வயதில்தான். இங்கேதான் பலருடைய கொப்பி மூடப்படுகின்றது. ஊசி இல்லாத நாளில் கிளினிக்குக்குப் போவதற்குக் காரணமே இல்லை என்பது அவர்களுடைய கணக்கு.

ஆகவே, விலகி நிற்கும் பெற்றோரில் இரு வகையினர் உளர் எனலாம். வாய் திறந்து 'வேண்டாம்' என்போர் ஒரு வகையினர். ஒன்றும் சொல்லாமலே வராது நின்றுவிடுவோர் மற்றொரு வகையினர்.

முதல் வகையினருக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, நம் கடலுக்கு அப்பால் உள்ள தமிழ்நாடு. 2017 பெப்ரவரியில் அங்கே சின்னமுத்துக்கும் ஜேர்மன் சின்னமுத்துக்குமான தடுப்பூசி இயக்கம் பாடசாலைகளில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர் வரை அனைவருக்கும் போடுவது திட்டம். அந்த நாட்களில் கைத்தொலைபேசிகளில் வட்ஸ்அப் வழியாக வதந்திகள் பரவின. ஊசி போட்டால் உடல் முடங்கும் என்றும், பிற்காலத்தில் பிள்ளைப் பேறு இராது என்றும் பலவாறு சொல்லப்பட்டது. அஞ்சிய பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பாடசாலைக்கே அனுப்பவில்லை. அரசாங்கம் விளக்கமளித்து, இயக்கத்தின் காலத்தையும் நீட்டிக்க நேர்ந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருப்பது பதினெட்டு மைல் அளவான கடல். அதைக் கடக்க மனிதருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். தமிழில் எழுதிய வதந்திக்கு அது வேண்டியதில்லை.

இந்த அச்சத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நேர்மையன்று. நம் நாட்டிலேயே 2008 தையில் ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. சில மாதங்களுக்குள், ஊசி ஏற்றப்பட்டதன் பின் சில குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. சுகாதாரத் திணைக்களம் என்ன செய்தது? 'அஞ்சற்க' என்று சொல்லிவிட்டு மேற்செல்லவில்லை. ஊசியை நிறுத்திவைத்தது, பழைய ஊசிகளுக்குத் திரும்பியது, நிபுணரைக் கொண்டு ஒவ்வோர் இறப்பையும் ஆராய்வித்தது. தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று கண்ட பின்னரே 2010இல் மீண்டும் கொண்டுவந்தது. கேள்வி கேட்ட தாயைப் பகைவராகக் கருதாமல், அவளது கேள்விக்கு விடை தேடிய செயல் அது. இலங்கையிலே தடுப்பூசியில் மக்கள் வைத்த நம்பிக்கை பெருமளவு குலையாது நிற்பதற்கு இத்தகைய நடத்தையும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

இரண்டாம் வகையினருக்கு வதந்தியும் இல்லை, கொள்கையும் இல்லை. வீட்டு வாசலில் நடக்கும் உரையாடல் ஒன்று இவ்வகையாக இருக்கும்:

"என்ன தங்கச்சி, ரெண்டு கிளினிக்காப் பிள்ளையைக் காணேல்லை?"

"அவனுக்கு ஒண்டுமில்லை மிஸ்ஸி. ஓடி விளையாடுறான், நல்லாச் சாப்பிடுறான். சுகமில்லாட்டிக் கொண்டு வருவன்தானே!"

'ஒண்டுமில்லை' என்னும் இந்தச் சொல்லையே நாம் சற்று ஆராய வேண்டும். தாயறியாத சூல் உண்டா என்பர். பிள்ளையைப் பற்றித் தாய்க்குத் தெரியாததை வேறொருவர் சொல்லவேண்டுமா என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். எனினும், அன்றாடம் காண்பவரின் கண்ணுக்குப் புலப்படாத சில உள. நாள்தோறும் காணும் பிள்ளை மெல்ல மெல்ல மெலிவதைத் தாய் உணரமாட்டாள். ஆறு மாதம் கழித்து வரும் சித்தியே 'ஏனடி, பிள்ளை இளைச்சுப் போச்சே!' என்பாள். கோட்டின் வேலை அந்தச் சித்தியின் வேலை. ஆறு மாதம் காத்திராமல் ஒரு மாதத்திலேயே அது பேசிவிடும்.

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றைக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலி எழுப்பும். தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். கதவு அறைந்தால் அதன் அதிர்வை உணர்ந்து திரும்பும். 'காது நல்லாக் கேக்குது' என்று வீட்டார் சாதிப்பர். இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது, 'தகப்பனும் பிந்தித்தான் பேசினார்' என்று ஆறுதல் கொள்வர். செவிக் குறையை முதல் மாதத்துக்குள் சோதித்து, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தி, ஆறாம் மாதத்துக்குள் உதவி தொடங்கவேண்டும் என்பது இன்று உலகம் ஒப்பிய விதி. ஏனெனில், மொழியைப் பற்றிக்கொள்ளும் மூளையின் வாசல் முதல் ஆண்டுகளிலேயே அகலத் திறந்திருக்கின்றது. மூன்று வயதிற் கேள்விக்கருவி பூட்டினாலும் ஓசை கேட்கும். இழந்த மூன்றாண்டு மொழி எளிதில் வந்துவிடாது.

கண்ணும் அவ்வாறே. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் உள்ள பிள்ளை, தனக்குக் குறை உண்டென்று சொல்லாது. உலகம் இப்படித்தான் தோன்றும் என்றே அது எண்ணியிருக்கும். மூளை மங்கலான கண்ணின் செய்தியைக் கேளாதுவிடப் பழகிக்கொள்கின்றது. சிறு வயதிற் கண்டுபிடித்தால், கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சிறிது நேரம் மூடிவைக்கும் எளிய சிகிச்சையாலும் பெரும்பாலும் திருத்திவிடலாம். ஏழு வயதைக் கடந்தால் அதே சிகிச்சை பலனளிப்பது அரிதாகிக்கொண்டே போகும். எமது வகுப்பறையில் இத்தகைய மாணவன் ஒருவனை நாம் கண்டதுண்டு. 'படிப்பிலே பஞ்சி பிடித்தவன்' என்று வீட்டில் அவனுக்குப் பெயர். ஏழாம் வகுப்பில் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவனது வலக்கண்ணை மூடி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது, முதல் வரியின் பெரிய எழுத்தையே அவனாற் சொல்ல முடியவில்லை. 'இந்தக் கண் எப்பவுமே இப்பிடித்தான் சேர்' என்றான், மிக இயல்பாக. பன்னிரண்டு ஆண்டுகளாக அவனிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது. கண்ணாடி கொடுத்தனர், அந்தக் கண்ணின் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை.

பிறவியிலேயே தைரொயிட் சுரப்புக் குறைந்த குழந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிறந்தபோது அது அமைதியான பிள்ளை, அதிகம் அழாது, நன்றாக உறங்கும். 'என்ன நல்ல பிள்ளை' என்று அயலார் மெச்சுவர். அந்த அமைதியே நோய். முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால், நாளுக்கு ஒரு சிறு குளிசையோடு அப்பிள்ளை மற்றவர்களைப் போல வளர்ந்து பல்கலைக்கழகமும் போகலாம். பிந்தினால், அறிவு வளர்ச்சியில் ஏற்படும் குறையைப் பின்பு எந்த மருந்தும் மீட்காது. உலகில் ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பிறப்புகளுக்கு ஒன்றில் இக்குறை காணப்படுகின்றது. குதிக்காலில் எடுக்கும் சில துளி இரத்தம் இதனைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சைக் குழந்தையைக் குத்துவதா என்று தடுக்கும் பாட்டிமாருக்கு இவ்வுண்மையை எவரேனும் அமைதியாக எடுத்துச் சொல்லவேண்டும். இடுப்புப் பொருத்து விலகிப் பிறக்கும் குழந்தைக்கும் இக்காலக் கணக்கே பொருந்தும்: முதல் மாதங்களில் கண்டால் வார்ப்பட்டை ஒன்றே போதும்; நடக்கத் தொடங்கி நொண்டும்போது கண்டால் சத்திரசிகிச்சை வேண்டியதாகலாம்.

இங்கே சிந்திக்கும் வாசகர் ஒருவர் எம்மை மறித்து ஒரு வினா எழுப்பலாம். 'நோயில்லாதவரைப் பரிசோதிப்பதாற் பயனில்லை என்று அறிவியலாரே சொல்லியிருக்கின்றனரே?' உண்மைதான். வயது வந்தோருக்குச் செய்யப்படும் பொதுவான உடற்பரிசோதனைகள் அவர்களின் ஆயுளை நீட்டியதாகக் காணவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்கிரேன் மதிப்பாய்வு 2012இல் கூறியது. ஆயினும் அது பெரியவர்களைப் பற்றிய முடிவு. வளர்ந்து முடிந்த உடலுக்கு நாளை என்றொரு நாள் உண்டு. வளரும் உடலுக்கோ சில வாசல்கள் குறித்த காலத்தில் மூடிவிடுகின்றன. மேலே நாம் சொன்ன காது, கண், சுரப்பி, இடுப்பு ஆகிய நான்கிலும் ஒரே நியதியையே காண்கின்றோம்: சிகிச்சை எளிது, காலம் குறுகியது, பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

இன்னுமொரு நேர்மையான வினாவும் உண்டு. எடை நிறுப்பதால் மட்டும் பிள்ளை கொழுத்துவிடுமா? கொழுக்காது. ஆட்டைத் தராசில் ஏற்றி இறக்குவதால் ஆடு பெருப்பதில்லை. நிறுத்த பின் சொல்லப்படும் சொல்லிலும், அதன்பின் வீட்டில் நடக்கும் செயலிலுமே பயன் இருக்கின்றது. கஞ்சியோடு ஒரு கரண்டி எண்ணெயும், மசித்த மீனும், முருங்கையிலையும் சேர்க்கச் சொல்வதும், எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ கொடுப்பதும், வயிற்றோட்டம் அடிக்கடி வருகின்றதா என்று கேட்டுக் கிணற்று நீரைப் பற்றி விசாரிப்பதும் சேரும்போதுதான் அந்தக் கோடு மேலே திரும்புகின்றது. புள்ளியை மட்டும் இட்டுக் கொப்பியை நீட்டிவிடும் கிளினிக், தன் கடமையிற் பாதியையே செய்திருக்கின்றது.

நாம் இன்று இலேசாக விட்டுவிடும் இவ்வொழுங்கு எவ்வாறு கட்டப்பட்டது என்பதையும் இளந்தாய்மார் அறிந்திருத்தல் நன்று. 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், மருத்துவ மாது வீடு தேடிச் செல்லும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. மலேரியாப் பெருந்தொற்று நாட்டைச் சூறையாடிய 1935இல், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. நான்கு தொட்டிலில் ஒன்று வெறுமையானது. இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்தினும் குறைவு. இம்மாற்றத்துக்குக் கல்வியும் உணவும் மலேரியா ஒழிப்பும் எனப் பல காரணங்கள் உண்டு. வெயிலில் குடை பிடித்து மணலில் நடந்த மருத்துவ மாதரின் கால்களும் அவற்றுள் ஒன்று.

போர்க்காலத்தை நினைவுகூர்வோர் இன்னொன்றையும் மறந்திரார். 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில், குழந்தைகளுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க வழிசெய்யப்பட்டது. 'அமைதி நாட்கள்' என்று அவற்றை அழைத்தனர். எதிலும் உடன்படாத இரு தரப்பும் உடன்பட்ட ஒன்றாகக் குழந்தையின் வாயில் விழும் இரு சொட்டு மருந்து இருந்தது. இலங்கையிற் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். அந்நாட்களில் இடம்பெயர்ந்த தாய்மார் முகாம்களில் வரிசையில் நின்று பிள்ளைக்குப் பெற்ற ஒன்றை, தார்ச்சாலையும் மோட்டார் சைக்கிளும் உள்ள இந்நாளில் 'நேரமில்லை' என்று விடுகின்றோம் என்றால், அது சற்று நின்று நினைக்கவேண்டிய செய்தியே.

விட்டால் என்ன ஆகும்? சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 ஆடியில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைப் பாராட்டியது. நான்கு ஆண்டுகள் கழியவில்லை. 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. நோயுற்றவர்களில் ஒன்பது மாதமே நிறையாத பச்சிளங் குழந்தைகளும் பலர் இருந்தனர். அவர்கள் ஊசி போடும் வயதையே எட்டாதவர்கள். சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசியே அவர்களுக்கு வேலி. ஒரு வீட்டார் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளும்போது அடுத்த வீட்டுத் தொட்டிலின் வேலியிலும் ஓர் ஓலை கழன்று விழுகின்றது.

அப்படியானால் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தலாமே என்று சிலர் சொல்லக்கூடும். உலகம் அதனையும் செய்து பார்த்திருக்கின்றது. இங்கிலாந்து 1853இல் குழந்தைகளுக்கு அம்மைப்பாலைக் கட்டாயமாக்கித் தண்டமும் விதித்தது. மக்கள் எதிர்த்தனர், 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளானோர் ஊர்வலம் போயினர். முடிவில், மனச்சாட்சியின்படி மறுப்போருக்கு 1898இல் விலக்களிக்க நேர்ந்தது. ஜேர்மனியில் 2006இல், அரசின் பொறுப்பில் இருந்த இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிரேமன் நகரில் கொடுமைக்குள்ளாகி இறந்து கிடக்கக் காணப்பட்டான். நாடே அதிர்ந்தது. சிறு பிள்ளைகளின் பரிசோதனைக்கு வராத பெற்றோருக்கு நினைவூட்டற் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டைப் பல மாநிலங்கள் சட்டமாக்கின. பவேரியா போன்ற சில, பரிசோதனையையே கட்டாயமாக்கின. ஒஸ்ரியா வேறு வழி சென்றது: 1974 முதல், குறித்த பரிசோதனைகளைச் செய்வித்த தாய்க்கே முழு உதவிப்பணம். எமக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தின் வழி. 1938 முதல் வறிய தாய்மாருக்கும், 1949 முதல் அனைவருக்கும், குழந்தையின் உடைகளும் மெத்தையும் அடங்கிய ஒரு பெட்டியை அந்நாடு பரிசாகக் கொடுத்துவருகின்றது. குறித்த மாதத்துக்குள் தாய் கிளினிக்குக்கு ஒருமுறை வந்திருக்கவேண்டும் என்பதே அதற்கான நிபந்தனை. குழந்தை அப்பெட்டியிலேயே உறங்கவும் செய்யலாம்.

நம் நாட்டில் பொலிசார் வந்து பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதில்லை. போகவும் வேண்டாம் என்பதே எமது கருத்து. அச்சத்தால் வரும் தாய் உண்மையைச் சொல்லமாட்டாள். உண்மை சொல்லப்படாத இடத்தில் பரிசோதனைக்குப் பொருளில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோரிடமே இருக்கட்டும். ஆனால் அந்த உரிமையின் விலையைக் கொடுப்பது பெற்றோர் அல்லர், பிள்ளை. இருபது வயதில் ஒரு கண் மங்கிய இளைஞனாக அவன் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 'அன்று ஏன் காட்டவில்லை?' என்று கேட்டால் சொல்ல ஒரு விடை நம்மிடம் இருக்கவேண்டும். ஆராய்ந்து பார்த்து 'வேண்டாம்' என்ற பெற்றோரிடம் ஒருவேளை விடை இருக்கலாம். மறதியால் விட்டவரிடம் என்ன இருக்கும்?

இவ்வளவையும் தாய்மாரை நோக்கியே சொல்லி முடித்தால், நாம் ஒரு பக்க வழக்கறிஞர் ஆவோம். கிளினிக்குக்கு வராத தாயின் காலை நேரத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கணவன் இரவெல்லாம் கடலில்; விடியற்காலையில் வள்ளம் கரை சேரும். மீன் தெரிவதும், வலை தட்டுவதும், கருவாட்டுக்குக் கீறுவதும் அந்நேரத்து வேலைகள். கிளினிக் நாளும் காலையிலேதான். மூத்ததைப் பாடசாலைக்கு அனுப்பி, இளையதை இடுப்பில் ஏற்றி, முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுத்துப் போய் வந்தால், அரை நாள் உழைப்புப் போய்விடும். போன இடத்தில் வரிசையில் எல்லோர் முன்னும் 'ஏன் பிள்ளையின் எடை குறைஞ்சது? என்ன கொடுக்கிறீர்?' என்று அதட்டல் கேட்டால், அடுத்த மாதம் அவள் வருவாளா? வறுமையால் மெலிந்த பிள்ளையின் தாய்க்கு அந்த வரைபடம் ஒரு குற்றப்பத்திரமாகத் தோன்றுமே! பணிவான ஒரு சொல், இருக்க ஒரு வாங்கு, மாதத்தில் ஒருநாள் பிற்பகற் கிளினிக் என்னும் இவை பெருஞ் செலவு வேண்டாதவை. மருத்துவ மாதரிற் பெரும்பாலோர் அன்பே வடிவானவர்கள் என்பதை நாம் அறிவோம். ஒருவரின் கடுஞ்சொல், பத்துப் பேரின் நற்பணியை அழித்துவிடும் என்பதையும் அறிவோம்.

தந்தையருக்கும் ஒரு சொல். வள்ளத்தின் எஞ்சினில் ஓசை சற்று மாறினாலும் திருத்துநரிடம் கொண்டோடும் நம்மவர், பிள்ளையின் கொப்பியை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததுண்டா? எடை பார்க்கும் நாளிற் பிள்ளையைத் தூக்கிச் செல்வது ஆண்மைக்கு இழுக்கன்று. தந்தை ஒருமுறை கூட வந்தால், வீட்டிற் பாட்டி சொல்லும் தடையும் பாதியாகக் குறையும். பாட்டிமாரும் எம்மைக் கோபிக்கவேண்டாம். அவர்கள் பிள்ளை வளர்த்த காலத்திற் பலவற்றை இழந்தும் கண்டவர்கள். எந்தக் காய்ச்சலுக்கு எத்தனை பிள்ளைகள் போயின என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இலர். அந்த நினைவை மருமகளுக்குச் சொன்னாலே போதும், கிளினிக் வரிசை நீளும்.

இனிச் செய்யவேண்டியது பெரிய காரியம் அன்று. வைத்தியரைத் தேடி இன்றே ஓடவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின், அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் அந்த நீல அல்லது இளஞ்சிவப்புக் கொப்பியை வெளியே எடுங்கள். வளர்ச்சி வரைபடம் உள்ள பக்கத்தைத் திறந்து, கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் நிற்கின்றது என்று பாருங்கள். பிள்ளையின் வயதுக்குரிய கேள்விகளைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாசியுங்கள். பிள்ளையின் ஒரு கண்ணை மெல்ல மூடி, தூரத்தில் நிற்கும் கழுதையையோ காகத்தையோ காட்டிக் கேளுங்கள். பின் மற்றக் கண்ணை மூடிக் கேளுங்கள். முதுகுப்புறம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழையுங்கள். இவை பரிசோதனைக்கு ஈடாகா; பரிசோதனை எதற்காக என்பதை உணர்த்தப் போதும்.

கடைசிப் புள்ளிக்கும் இன்றைக்கும் இடையில் வெற்றிடம் நீளமாக இருந்தால், உங்கள் பகுதிக் கிளினிக் எந்த நாளில் என்று நாளைக் காலையில் மிஸ்ஸியைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.